அடிவயிறு ஏன் கடைசியில் வற்றுகிறது?

கீழக்கரையில் இருந்து தொண்டி வரை எந்த ஊர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் தொப்பைக்கு ஒரு வைத்தியம் காதில் விழும். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், வெறும் வயிற்றில் கொள்ளு ரசம், இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட், தினமும் நூறு முறை படுத்து எழும் பயிற்சி. சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. முகம் ஒட்டிவிட்டது, கழுத்தெலும்பு தெரிகிறது, சட்டை தோளில் தொளதொளக்கிறது, அடிவயிறு மட்டும் அப்படியே நிற்கிறது என்று புலம்புகிறவர்களும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். அந்தப் புலம்பல் உண்மையானது. வைத்தியங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இதை அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. 20 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாக அது கணக்கிட்டது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இதில் இருந்து நேர்வழி உண்டு. ஆகவே கொழுப்பு எங்கே சேர்கிறது, எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொள்வது பயனுள்ள வேலைதான்.

ஊரணிக் கணக்கு

ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு ஊரணியை விளக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும், கோடையில் வற்றும். கரையோரம் ஆழம் குறைவு, நடுவில் ஒரு பள்ளம். கிழக்குப் படித்துறையில் நின்று குடம் குடமாக மொண்டால் கிழக்குப் பக்கம் மட்டும் வற்றுமா? வற்றாது. எந்தப் படித்துறையில் மொண்டாலும் மட்டம் எல்லாப் பக்கமும் சேர்ந்தே இறங்கும். முதலில் கரையோரத்தில் சேறு தெரியும். நடுப்பள்ளத்தில் கடைசிவரை தண்ணீர் நிற்கும்.

உடம்புக் கொழுப்பும் ஏறக்குறைய இப்படித்தான். உணவு வரத்து; மூச்சு விடுவது முதல் வலை இழுப்பது வரை உடம்பு செய்யும் எல்லா வேலையும் செலவு. வரத்து செலவை மிஞ்சினால் மட்டம் ஏறுகிறது, செலவு மிஞ்சினால் இறங்குகிறது. முகமும் கழுத்தும் மார்பும் பலருக்குக் கரையோரம். ஆண்களில் பலருக்கு அடிவயிறும், பெண்களில் பலருக்கு இடுப்பும் தொடையும் அடிவயிறும் நடுப்பள்ளம். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறைக்க நினைப்பது ஒரே படித்துறையில் மொண்டு அந்த மூலையை வற்றவைக்கும் முயற்சி.

ஊரணியில் பள்ளம் எங்கே என்பதைத் தரை தீர்மானிக்கிறது. உடம்பில் அதைத் தீர்மானிப்பவை பரம்பரையும் ஹார்மோன்களும். அதனால்தான் ஒரே வீட்டில் ஒரே சோறு சாப்பிடும் அண்ணனுக்குத் தொப்பையும் தங்கைக்குத் தொடைச் சதையுமாகச் சேர்கிறது. ஒப்புமை இந்த இடம்வரைதான் உதவும். இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

கொழுப்பு எந்த வழியாக வெளியேறுகிறது

உடம்பில் கொழுப்பு தங்கும் இடம் கொழுப்புச் செல். செலவுக்குப் போக மிஞ்சிய ஆற்றலைச் சிறு துளிகளாகத் தன்னுள் சேர்த்துக்கொண்டு வீங்கக்கூடிய செல் இது. ஆற்றலை அளக்கும் அலகு கலோரி. உணவுப் பொட்டலங்களில் அச்சிட்டிருப்பது இதைத்தான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி.

செலவு அதிகமாகும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் வந்து கொழுப்புச் செல்லுக்குச் சேதி சொல்கின்றன. செல் தன் இருப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் அவற்றைத் தசைகளுக்குக் கொண்டுபோகிறது. தசை அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கிறது. எரிந்த பிறகு மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. கரைந்த கொழுப்பில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் போகிறது என்பதைக் கேட்டால் மருத்துவம் படித்தவர்களே சற்று யோசிப்பார்கள்.

இது தெரிந்துவிட்டால் பெல்ட் வியாபாரம் படுத்துவிடும். பெல்ட் வியர்வையைத்தான் கூட்டுகிறது. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும். ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் இழந்த எடை திரும்பிவிடும். வியர்த்தால் கொழுப்பு போகும் என்றால் சித்திரை வெயிலில் பாம்பனில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் ஒருவருக்கும் தொப்பை இருக்கக்கூடாது. வெந்நீரும் அப்படியே. குடித்த சற்று நேரத்தில் அது உடம்பின் 37 டிகிரி வெப்பத்துக்கு வந்துவிடும். கொழுப்பைத் தேடிப் போய் உருக்கும் வழி அதற்கு இல்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: கொழுப்பு முதலில் செல்லில் இருந்து ரத்தத்துக்கு வரவேண்டும், பிறகு தசையில் எரியவேண்டும். எந்த இடத்துச் செல் முதலில் திறக்கும் என்பதை வேலை செய்யும் தசை முடிவு செய்வதில்லை.

அடிவயிறு மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது

ஹார்மோன் சொல்லும் சேதியை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லின் மேற்புறத்திலும் ஏற்பிகள் இருக்கின்றன. கொழுப்புச் செல்லில் அட்ரினலினுக்கென்று இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. பீட்டா வகை சேதியை வாங்கினால் செல் கொழுப்பை விடுவிக்கிறது. ஆல்ஃபா-2 வகை வாங்கினால் அதைத் தடுக்கிறது. ஒரே சேதிக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

அடிவயிறு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் ஆல்ஃபா-2 வகையின் கை ஓங்கியிருக்கிறது. அந்தப் பகுதிகளில் ரத்த ஓட்டமும் ஒப்பீட்டளவில் குறைவு. எனவே வெளியேற்றம் மெதுவாக நடக்கிறது. நின்றுவிடுவதில்லை. பிடிவாதம் என்று நாம் சொல்வது உண்மையில் தாமதம்தான். பெரும்பாலானவர்கள் அந்தத் தாமதத்தைத் தோல்வி என்று எண்ணி, மட்டம் நடுப்பள்ளத்துக்கு இறங்கும் முன்பே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னொரு மாற்றம் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. ஐம்பது வயதுப் பெண்மணியிடம் "முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறீர்களா அக்கா?" என்று கேட்பது அநியாயமான கேள்வி. அளவு மாறாமலே இடம் மாறக்கூடும்.

பிடிபடும் கொழுப்பு, பிடிபடாத கொழுப்பு

நின்றபடி தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கையில் மடிப்பாகச் சிக்குவது தோலடிக் கொழுப்பு. வயிறு முன்னே தள்ளி, தொட்டால் இறுகலாக, கிள்ளினால் அதிகம் சிக்காமல் இருந்தால் அங்கே இரண்டாவது வகை அதிகம் இருக்கலாம். அது உள்ளுறுப்புக் கொழுப்பு: வயிற்றுச் சுவருக்குப் பின்னால் கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படிவது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் உருண்டிருக்கும் நம் ஊர் உடல்வாகை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து அதிகம் உள்ளது இந்த வகையில்தான்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. உள்ளுறுப்புக் கொழுப்பு உணவுக் கட்டுப்பாட்டுக்கும் நடைக்கும் தோலடிக் கொழுப்பைவிடச் சீக்கிரம் இணங்குகிறது. நீங்கள் நடக்கத் தொடங்கியது கண்ணாடிக்குத் தெரியும் முன்பே கல்லீரலுக்குத் தெரிந்துவிடும்.

நூறு முறை படுத்து எழுந்தால் என்ன ஆகும்?

வயிற்றுத் தசை பலப்படும். கொழுப்பு அதன் மேலேயே இருக்கும்.

1971-ல் வெளியான ஓர் ஆய்வில் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்தார்கள். மட்டையைப் பிடிக்கும் கை ஆண்டுக்கணக்கில் மற்ற கையைவிட மிக அதிகமாக உழைக்கிறது. அந்தக் கையில் தசை பெருத்திருந்தது. தோலடிக் கொழுப்பின் கனமோ இரண்டு கைகளிலும் ஒன்றுதான். 1984-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 27 நாட்களில் ஒவ்வொருவரையும் 5,004 முறை படுத்து எழ வைத்தார்கள். பிறகு வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களில் இருந்தும் கொழுப்புத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் மூன்று இடங்களிலும் ஒரே அளவுக்குத்தான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

செலவுக் கணக்கிலும் இது சின்னப் பயிற்சி. 70 கிலோ எடையுள்ளவர் பத்து நிமிடம் படுத்து எழுந்தாலும் 50 கலோரியை எட்டுவது கடினம். வயிற்றுத் தசை வலுவாவது முதுகுக்கு நல்லது, நிமிர்ந்து நிற்க உதவும், வயிறு சற்று உள்வாங்கித் தெரியும். அதற்காகச் செய்யலாம். கொழுப்பைக் கரைப்பதற்காகச் செய்யவேண்டாம்.

தட்டில் நடக்கும் வேலை

செலவைவிட வரத்தைக் குறைவாக வைத்திருப்பதற்குக் கலோரிப் பற்றாக்குறை என்று பெயர். எந்த உணவுத் திட்டமும், அதன் பெயர் என்னவாக இருந்தாலும், வேலை செய்தால் இதன் மூலமாகத்தான் வேலை செய்கிறது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 500 கலோரி பற்றாக்குறை வைத்தால் ஒரு கிலோ குறையச் சுமார் இரண்டு வாரம். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைவதால், போகப்போக வேகம் தளரும். பத்து நாளில் தட்டையான வயிறு என்று விளம்பரம் செய்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை, அல்லது நீங்கள் போட்டுப் பார்க்கமாட்டீர்கள் என்று நம்புகிறார்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கடலில் இரவெல்லாம் வலை இழுத்த உடம்புக்குக் கும்பாச் சோறு தேவைப்பட்டது. தடைக்காலத்தில் வேலை குறைந்த பிறகும் அதே கும்பா, அதே அளவு. மட்டம் ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வளைகுடா நாட்டில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கடையில் உட்கார்ந்தவருக்கும் இதே கதைதான்.

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: மீன். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கிறது. புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். எடை குறையும்போது தசை கரைந்துபோகாமல் காக்கும். சாளையும் நெத்திலியும் விலை குறைந்தவை, சத்து குறைந்தவை அல்ல. ஆனால் அதே சாளையை மாவில் பிரட்டி எண்ணெயில் மிதக்கவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 140 கலோரி. காலையில் நடந்த நடையை மதியம் வறுவல் சட்டியே விழுங்கிவிடுகிறது. மீனைக் குழம்பில் போடலாம், அல்லது தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வாட்டி எடுக்கலாம். முண்டு மிளகாயின் காரத்துக்கு எண்ணெய் மிதக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சோற்றை அடியோடு விடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் வீட்டில் நடக்காததைத் திட்டத்தில் எழுதி என்ன பயன்? வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி அளவில்தான் இருக்கிறது. சிக்கல் மூன்றாவது முறை போடும் சோற்றில். தட்டில் முதலில் கீரை, அவரை, புடலை போன்ற காயையும் மீனையும் வைத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் சோற்றை வைத்துப் பாருங்கள். வரிசையை மாற்றினாலே அளவு தானாக இறங்கும்.

இனிப்பில் ஏமாற்றம் அதிகம். கருப்பட்டி இயற்கையானது, ஆகவே எடை போடாது என்று நினைக்கிறார்கள். கலோரியில் அதற்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சர்க்கரை இருக்கிறது. நுங்கு பெரும்பாலும் தண்ணீர், தாராளமாகச் சாப்பிடலாம். கீழக்கரைத் தொதலோ தேங்காய்ப்பாலும் இனிப்பும் மாவும் சுண்டச் சுண்டக் கிளறியது. விருந்தில் ஒரு துண்டு போதும், டப்பாவை அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட தேநீர் நாளுக்கு நான்கு குடித்தால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. மதுவில் கிராமுக்கு 7 கலோரி. அதோடு வரும் வறுவலைத் தனியாகக் கணக்கிடவேண்டும்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு" என்பது பாதி சரி. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய, வயிறு நிறையும். அதனால் வேறு எதையாவது குறைவாகச் சாப்பிடுவீர்கள். ஆனால் ரசத்தில் கொள்ளு கொஞ்சம், தண்ணீர்தான் அதிகம். சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிட்டால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைத் தள்ளக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு எடைக் குறைப்பே கூடாது.

நடை, மணல், தோப்புக்கரணம்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. மூச்சு வாங்கவேண்டும், ஆனால் பேச முடியவேண்டும். அதுதான் மிதமான வேகத்துக்கு அடையாளம்.

கடற்கரை கைவசம் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். காய்ந்த, கால் புதையும் மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய மேட்டு மணலில் ஐந்து நிமிடம் நடந்தால் கெண்டைக்கால் அதற்குச் சாட்சி சொல்லும். முதல் நாளே அதில் இறங்கினால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும். சில வாரம் அதில் நடந்து பழகிவிட்டு மேலே ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தார்ச்சாலை ஓரமே போதும்.

தசைக்குப் பயிற்சி என்றதும் ஜிம்முக்குப் போகவேண்டியதில்லை. உப்பூர் வெயிலுகந்த விநாயகர் முன்னால் போடும் தோப்புக்கரணத்தை வீட்டிலும் போடலாம். தொடையும் பிட்டமும் உடம்பின் பெரிய தசைகள். அவை உழைத்தால் செலவு அதிகம். சுவரில் கை ஊன்றித் தண்டால், முழங்கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்திப் பிடிப்பது, இவை போதும். எடை குறையும்போது தசையைக் காப்பாற்றுவதுதான் இவற்றின் முதல் வேலை.

தூக்கமும் கணக்கில் வரும். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், அதுவும் எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் கை போகும்.

சுருக்கமாக: பற்றாக்குறையின் பெரும்பகுதியைத் தட்டில் வையுங்கள், நடையும் தசைப் பயிற்சியும் அதற்குத் துணை.

எதை வைத்து அளப்பது

எடைமேடை அவ்வப்போது பொய் சொல்லும். முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, காலையில் எடையைக் கூட்டிக் காட்டும். கொழுப்பு ஓரிரவில் அவ்வளவு ஏறாது.

தையற்காரரின் அளவு நாடா இதைவிட நம்பகமானது. காலையில் சாப்பிடும் முன் நிமிர்ந்து நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பை விரலால் தேடிப் பிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், தரைக்கு இணையாக நாடாவைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கினால் நாடா ஏமாறும், உடம்பு ஏமாறாது. இந்தியர்களுக்கு ஆணின் எல்லை 90 செ.மீ., பெண்ணின் எல்லை 80 செ.மீ. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. தினமும் அளந்து மனம் நோகவேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளந்து எழுதிவைத்தால் போக்கு தெரியும்.

கொழுப்பே அல்லாத அடிவயிறு

சிலர் சரியாகச் சாப்பிட்டு, சரியாக நடந்து, மற்ற இடமெல்லாம் மெலிந்த பிறகும் அடிவயிறு தள்ளியே இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரச்சினை கொழுப்பே அல்ல.

பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு வயிற்றின் நடுவே இணைந்து நிற்கும் இரண்டு நெடுந்தசைகள் விலகிப் போயிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளியில் புதைந்தால் விலகல் இருக்கலாம். இவர்களுக்குப் படுத்து எழும் பயிற்சி நடுவில் உள்ள புடைப்பைக் கூட்டக்கூடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் மூச்சுப் பயிற்சியும் உள்தசைப் பயிற்சியும்தான் தொடக்கம். "பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் மகளே" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அன்பான பேச்சுதான், ஆனாலும் அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட வேண்டியதில்லை.

இருமும்போது ஓரிடம் மட்டும் புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். பெண்களுக்கு அடிவயிற்றில் கெட்டியாகக் கட்டிபோலத் தட்டுப்பட்டால், மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடினால் கர்ப்பப்பைக் கட்டியைச் சந்தேகிக்கவேண்டும். சில வாரங்களில் வயிறு வேகமாகப் பெருத்து, கால் வீங்கி, கண் மஞ்சளித்தால் அது நீர் கோத்த வயிறு. ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. இவற்றில் எதுவும் நடையாலும் கொள்ளாலும் தீராது. பெரும்பாலும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்து, ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்தாலே என்ன என்று தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டுப் பிறகு உணவுத் திட்டத்தைப் பற்றி யோசிக்கலாம்.